எண்ணெய் காணாத தலை

கையைக் கழுவினால் லோகநாதன் துண்டில் துடைக்க மாட்டான். முழங்கை வரைக்கும் பூந்திக்கொட்டை நுரை போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரம் தானாக உலரும்வரை அப்படியே நிற்பான். தெருவில் போகிறவர்களுக்கு, யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டி நிறுத்திவைத்த ஆளைப்போலத் தெரியும். உலர்ந்ததும் சட்டைப் பையிலிருந்து, விரல் நீளத்துக்கு வெட்டிய வெள்ளைப் பட்டத்தாள் ஒன்றை எடுப்பான். பிள்ளைகள் பட்டம் ஒட்டுகிற மெல்லிசுத் தாள்தான். அதை உள்ளங்கையில் ஒத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். ஈரப் பொட்டு என்றால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறையும். எண்ணெய்ப் பொட்டு மறையாது. கண்ணாடி வைத்த மாதிரி அந்தப் பக்கத்து வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். பொட்டு தெரிந்தால் மறுபடி பூந்திக்கொட்டை, மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது.

இது இன்றைக்கும், எண்பதை நெருங்குகிற வயதிலும், காலையில் அவன் தவறாமல் செய்வது. கழுவின கையோடு போய்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றும் கிடையாது. விமானத்தோடு அந்த வேலை போய் நாற்பது வருஷம் ஆகிறது.

லோகநாதன் எனக்கு அத்தை மகன். என் அப்பாவோடு கூடப் பிறந்த பச்சையம்மாவைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் நாகமுத்துவுக்குக் கொடுத்திருந்தது. ஏழு பெற்று நாலு தங்கியதில் இவன் மூன்றாவது. பிற்பாடு என் தங்கை சம்பூர்ணத்தையே இவனுக்குக் கட்டியதால் இரண்டு வழியிலும் எனக்கு மச்சான். வயதான மனிதனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று படிக்கிறவர்கள் நினைக்கக் கூடாது. மரியாதை கொடுத்து எழுதினால், எனக்கு உடம்பு சரியில்லையா என்று அவனே கேட்பான்.

இறால் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை விமானத்துக்குக் காற்று அடைக்கப் போனது மீஞ்சூர் வழியாக. அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக இருந்தான். ஆதிநாராயணன் என்று ஒரு வெல்டர். ஒருநாள் ஆக்சிஜன் சிலிண்டரின் வாய் இறுகிப்போய்த் திரும்பவில்லை. கதவுக் கீலுக்கு விடுகிற நினைப்பில் மறையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திருகினார். தீக்குச்சி இல்லை, பக்கத்தில் அடுப்பு இல்லை. அழுத்தி அடைத்த காற்று சீறி வந்து எண்ணெயைத் தொட்ட இடத்தில் நெருப்பு தானாகவே பிடித்துக்கொண்டது. ஆதிநாராயணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. புருவம் அப்புறம் முளைக்கவேயில்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் லோகநாதன். திரும்பி வந்தபோது அவன் பேசியது ஒன்றே ஒன்று.

"எண்ண வுட்டா எல்லாம் லேசாப் பூடும்னு நெனச்சிக்கினு இருந்தோம் மச்சான். காத்துக்கிட்ட அது ஆவாது."

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பட்டறைக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். விமானத்து ஏணி ஒன்று ஒட்டுப் போடவேண்டும் என்று வந்தவர், சும்மா நிற்காமல் ஆக்சிஜன் சிலிண்டரின் வாயில் கை வைத்தார். லோகநாதன் போய், "கைய கழுவிக்கினு வந்து தொடுங்க சார்" என்றான். பட்டறை முதலாளிக்கு மூச்சே நின்றுவிட்டது. வந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அறுபத்து நாலாம் வருஷம் அது.

அவர்தான் கேப்டன் அனந்தபத்மநாபன். திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் பெருமாளுக்குத் தளிகை பண்ணிக்கொண்டிருக்க, தம்பி பட்டாளத்து விமானம் ஓட்டிவிட்டு வந்து, நாலு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டார். யுத்த காலத்தில் சோழவரத்துப் பக்கம் போட்ட ஓடுதளத்தில் தகரக் கொட்டகை ஒன்று கட்டி அதில் நிறுத்தியிருந்தார். விமானத்தின் தரையில் ஓட்டை போட்டுக் காமிரா வைத்திருக்கும். மேலே போய் நிலத்தைப் பட்டை பட்டையாகப் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். எங்கே ரோடு போடலாம், எங்கே கம்பெனி கட்டலாம் என்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் படங்கள் போகும். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் புகைபோக்கி நிற்கிற இடமெல்லாம் அந்தப் படத்தில் வெறும் சவுக்குத் தோப்பு. லோகநாதன் சொல்லித்தான் எனக்கும் அங்கே ஜீப் ஓட்டுகிற வேலை கிடைத்தது.

பதினாறாயிரம் அடிக்குப் போனால்தான் படம் சரியாக விழும். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடும். கூடவே பாட்டிலில் காற்று எடுத்துக்கொண்டு போகவேண்டும். பாட்டில் என்றால் இரும்புப் பாட்டில். கைக்குழந்தை அளவு இருக்கும். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், பித்தளை வாய். கான்வாஸ் பையில் போட்டு இருக்கைக்குப் பின்னால் கட்டுவார்கள். அதிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய், இரண்டு முகமூடி; ஒன்று கேப்டனுக்கு, ஒன்று படம் எடுக்கிற குப்புராஜுக்கு.

காற்று குறைந்தால் மூச்சு முட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். குறைகிறதே தெரியாதாம், சந்தோஷமாக இருக்குமாம். ஒருநாள் குப்புராஜின் குழாய் இருக்கைக்கு அடியில் மடங்கிவிட்டது. கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி சிரித்துக்கொண்டே, காமிராவின் மூடியைக் கழற்றாமல் நாற்பது படம் எடுத்துவிட்டு, இன்றைக்குத்தான் படம் சுத்தமாக வந்திருக்கிறது என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறான். கீழே இறங்கியபோது அவன் நகம் நாவல்பழம் தின்ற நாக்குபோல இருந்தது. ஓட்டுகிறவருக்கே அப்படி ஆகியிருந்தால் யார் இறக்குவது? லோகநாதன் அன்றைக்கு நாஷ்டா சாப்பிடவில்லை.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னப் பாட்டிலுக்குக் காற்று மாற்றுவதுதான் அவன் வேலை. செம்புக் குழாயை இரண்டுக்கும் நடுவே மாட்டி, வாயை மயிரளவு திறந்து, பாட்டிலின் மேல் புறங்கையை வைத்துக்கொள்வான். வேகமாக ஏறினால் இரும்பு சுடும். பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிறவள் மாதிரி, சூடு தட்டினால் மூடுவான், ஆறினால் திறப்பான். காற்று கசிகிறதா என்று பார்க்கப் பூந்திக்கொட்டை நுரையைத் தடவுவான். சோப்பில் கொழுப்பு இருக்கிறதாம். அதனால் சோப்பும் ஆகாது. அரை மணியில் முடிகிற வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுப்பான். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தால், "மேல நீங்க ஒரு தபா மூச்சு இழுக்கறது நான் இங்க ஒரு தபா பாக்கறது சார்" என்பான்.

அவனுக்கு எண்ணெய் பகையாகிப்போனது இப்படித்தான். முறுக்கு, வடை, பஜ்ஜி கிட்டே வராது. இட்லிப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொள்வான். மீன் குழம்பை விடமுடியவில்லை, குப்பத்துப் பிள்ளை அல்லவா. அதைக் கையால் தொடாமல் ஸ்பூனால் சாப்பிடப் பழகினான். குப்பத்துக்கு வந்தால், "தொர சாப்ட வந்துட்டாரு, இலைக்குப் பக்கத்துல கரண்டி வைங்கடி" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். தலைக்கும் எண்ணெய் கிடையாது. குனிந்து வேலை செய்யும்போது முடியில் இருப்பது கைக்கு வரும், கையில் இருப்பது பித்தளைக்குப் போகும் என்பது அவன் கணக்கு. கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது, என் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, தலைக்கு வந்த எண்ணெயைக் கையால் மறித்து, "காலுக்கு வைங்க, போதும்" என்றான். அருகம்புல்லை வைத்துக்கொண்டு நின்ற சித்திமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பூர்ணம் பிற்பாடு அடுத்த வீட்டுக் குப்பம்மாளிடம், எங்க ஊட்டுக்காரரு என்னையே பேப்பர் ஒத்திப் பாத்துட்டுதான் கிட்ட வர்றாரு என்று சொன்னதாக என் காதுக்கும் வந்தது. அண்ணன் காதில் விழவேண்டிய பேச்சு இல்லை, விழுந்துவிட்டது.

இதிலெல்லாம் நொந்துபோனவள் பச்சையம்மா அத்தை. எங்கள் பக்கம் தலையில் எண்ணெய் இல்லாமல் காய விடுவது சாவு விழுந்த வீட்டில்தான். பெற்றவள் உட்கார்ந்திருக்க, பிள்ளை வருஷம் முழுக்கச் செம்பட்டை பறக்க வந்து நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் வாசலில் நுழையும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நான் இன்னும் சாவலடா. அதுக்குள்ள எனுக்கு துக்கம் காக்கறியா?"

தீபாவளிக்குத் தீபாவளி கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் வருவான், புதுத்துணி கொடுப்பான், காலில் விழுவான், தலையை மட்டும் கொடுக்க மாட்டான். மறுநாள் பாட்டில் நிரப்பவேண்டியிருக்கும். நாலு வருஷம் அந்தக் கிண்ணத்து எண்ணெயை அவள் விளக்குக்கு ஊற்றினாள்.

கேப்டன் ஒருதடவை மூன்றாவது முகமூடி ஒன்று மாட்டி அவனையும் மேலே கூட்டிப்போனார். குப்பத்துக்கு மேலாகவே பறந்தார்களாம். இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன், ஏரி எப்படி இருந்தது, அத்தை வீடு தெரிந்ததா என்று. "எங்க மச்சான் பாத்தேன்? குப்புராஜ் நகத்தையே பாத்துக்கினு இருந்தேன்" என்றான்.

அறுபத்தெட்டாம் வருஷம் சரஸ்வதி பூஜை. அதற்கு முதல்நாள் சம்பூர்ணத்துக்கு வலி கண்டு பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலைப்பிரசவம். லோகநாதன் கிளம்பும்போது பாட்டில் அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தான். பூஜைக்கு மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அலமாரியை மட்டும் திறக்காமல், மூடினபடியே கற்பூரம் காட்டச் சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

பூஜை அன்றைக்குக் கொட்டகையைக் கழுவி, மாவிலை கட்டி, ஸ்பானர், சுத்தியல், காமிரா, ஜீப் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். விமானத்தின் மூக்குக்கு மாலை போட்டேன். எல்லாம் ஆன பிறகு அந்த அலமாரி கண்ணை உறுத்தியது. துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. மேலே போகிறவனுக்கு உயிர் கொடுக்கிற சாமான் இருட்டில் கிடக்கிறதே, அது குற்றம் அல்லவா என்று மனசில் பட்டது. திறந்தேன். நிரப்பி வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் வெளியே எடுத்து வைத்தேன். பித்தளை கொஞ்சம் மங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். ஜீப் விளக்கைத் துடைத்த தேங்காயெண்ணெய்த் துணி தோளில் கிடந்தது. மினுமினுப்பாக வரட்டும் என்று அதால் ஒரு தடவு தடவினேன். வெள்ளைத் தோளில் சந்தனம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினேன். அம்மன் மாதிரி இருந்தது. கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூவும் பொட்டுமாக அப்படியே அலமாரியில் திரும்ப வைத்துப் பூட்டினேன். எண்ணெய் ஆகாது என்று ஆயிரம் தடவை கேட்டவன்தான் நான். சாமி கும்பிடுகிற கைக்கு அந்த நினைப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை லோகநாதன் வந்தான். பெண் குழந்தை. எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தான். கேப்டன் அவசரத்தில் இருந்தார். ஏரியின் வடக்குப் பக்கம் ஒரே ஒரு பட்டைதான் படம் எடுக்கப் பாக்கி. அதை முடித்துக் கொடுத்தால் அடுத்த வேலை அவருக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. அன்றைக்கு வானம் துடைத்த மாதிரி இருந்தது. கிழக்கே மட்டும் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தை வரைக்கும் மேலே போய்ப் பிரயோஜனம் இல்லை. விமானம் உறுமிக்கொண்டு நிற்கிறது. குப்புராஜ் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

லோகநாதன் கையைக் கழுவி, உலர்த்தி, தாள் ஒத்திப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து சாவியை வாங்கி அலமாரியைத் திறந்தான். பாட்டிலின் தோளில் என் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வாடின மல்லிகையை எடுத்துக் கீழே வைத்தான். திரும்பி என்னைப் பார்த்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பித்தளை மறையைச் சுற்றி ஒத்தி, வெளியே வந்து சூரியனுக்கு நேரே பிடித்தான். தாள் முழுக்கக் கண்ணாடியாக இருந்தது. இன்னொரு பாட்டிலுக்கும் ஒத்தினான். அதுவும் அப்படியே.

கேப்டனிடம் போய், இன்றைக்குப் பாட்டில் இல்லை என்றான்.

என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கேப்டன் மேகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"துடைச்சுட்டுக் குடுடா. பூஜையில வச்ச எண்ணெய். பெருமாள் பாத்துப்பார்."

"அவரு பாக்கட்டும் சார். மறைக்குள்ள எறங்கிகீது, துணிக்கு வராது. நான் தொறக்க மாட்டேன்."

"நான் தொறந்துக்கறேன். தள்ளு."

லோகநாதன் தள்ளவில்லை. பாட்டிலைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் சந்தனம்.

கேப்டன் போய் என்ஜினை நிறுத்தினார். அந்தச் சத்தம் போனதும், ஓடுதளத்து ஓரத்தில் மேய்ந்த மாட்டின் மணிச்சத்தம் கேட்டது. திரும்பி வந்து, யார் வேலை இது என்றார்.

அவர் கோபம் எங்களுக்குத் தெரியும். பெட்ரோல் டின்னுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்த வாட்ச்மேன் ரங்கசாமியை, அந்தப் பீடி முடிவதற்குள் வெளியே அனுப்பினவர். எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஜீப்பை விட்டால் வேறு தொழில் தெரியாது. வாயைத் திறக்கப் பார்த்தேன். கண் ஜீப்பின் பக்கம் போயிற்று.

"நான்தான் சார்" என்றான் லோகநாதன். "ஆஸ்பத்திரிக்கு ஓடற அவசரத்துல, தெரியாம."

கேப்டன் அவன் தலையைப் பார்த்தார். காற்றில் செம்பட்டையாகப் பறந்துகொண்டிருந்தது. பிறகு என் தலையைப் பார்த்தார். பூஜைக்கு வைத்த தேங்காயெண்ணெய் காதோரம் இறங்கி, கழுத்துப் பட்டை கறுத்திருந்தது. மறுபடி அவனைப் பார்த்தார்.

"நீ?"

"ஆமா சார்."

குப்புராஜ் விமானத்துக்குள்ளிருந்தே சிரித்துவிட்டான். கேப்டன் சிரிக்கவில்லை.

"சரி. நான்னு சொன்னவனுக்குத்தான் தண்டனை. தீபாவளி முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராதே. அப்பறம் உன்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு யோசிக்கறேன்."

ஜீப்பில் அவனைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏன் மச்சான் இப்படிப் பண்ணினாய் என்று கடைசியில் கேட்டேன்.

"தொறந்தது நீ. சாவி குடுத்தது யாரு?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "மல்லிப்பூவு நல்லாத்தான் இருந்துச்சி" என்றான்.

அந்த இரண்டு பாட்டிலையும் காற்று நிரப்புகிற கம்பெனிக்கு நானே கொண்டுபோனேன். அங்கிருந்த மேஸ்திரி வாயைக் கழற்றிப் பார்த்தார். உள்மறை வரைக்கும் எண்ணெய் இறங்கியிருந்தது. இதைத் தடவினவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான் என்றேன்.

பாக்கிப் பட்டையைத் தை மாசம் எடுத்துக்கொடுக்கக் கேப்டனுக்குத் தவணை கிடைத்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குக் குப்பம் முழுக்க, லோகநாதனுக்கு வேலை போய்விட்டது, கைக்குழந்தையோடு என்ன பண்ணப்போகிறான் என்றுதான் பேச்சு. நாகமுத்து மாமா, "எங்கூட ஏரிக்கி வாடா நைனா" என்று வலையை எடுத்துக் காட்டினார். சம்பூர்ணம் பேசுவதை விட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் அல்ல, எல்லோரிடமும். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அத்தைக்கு மட்டும் வேறு கணக்கு. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி விடியலில் நானும் போயிருந்தேன். மழை விட்டு வாசலில் சேறு. அத்தை மணையைப் போட்டுவைத்திருந்தாள். மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் கிண்ணத்தில் இருந்தது. எப்போதும்போல அவன் மறுப்பான் என்று நினைத்து, வெறும் பேச்சுக்குத்தான், "ஒக்காரு" என்றாள். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அத்தை கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்தாள். நாலு வருஷத்து வறட்சி. எண்ணெய் போட்ட இடம் தெரியவில்லை, மண்ணில் விட்ட மாதிரிக் குடித்துக்கொண்டே இருந்தது. அவளும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணிமையில் வழிந்தது, காதுக்குள் போயிற்று, முதுகில் இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிண்ணம் காலியான பிறகும் வெறும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தவன் நேரே கொடிக்குப் போய், சட்டைப் பையைத் துழாவி ஒரு பட்டத்தாளை எடுத்தான். தன் உச்சியில் வைத்து ஒத்தி, வெளுத்துவருகிற வானத்துக்கு நேரே பிடித்து அவளுக்குக் காட்டினான்.

"பாரும்மா. அப்பால கீற தென்ன மரம் தெரியுது."

அத்தை தாளுக்குக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆமாண்டா" என்றாள்.

தீபாவளி கழித்து அவன் போய் நின்றபோது, கேப்டன் ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டிலைக் கையில் கொடுத்தாராம். என்னிடம் அவர் அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, என் பின்னந்தலையைப் பார்த்தபடி, "உன் மச்சான் நன்னாப் பொய் சொல்றான்டா. அவன் தலைக்குத்தான் சொல்லத் தெரியலே" என்றார். மறுநாளிலிருந்து வேலைநாளில் நானும் எண்ணெய் வைக்கிறதில்லை.

அடுத்த ஆடியில் அத்தை போய்ச் சேர்ந்தாள். துக்கம் காத்த பதினாறு நாளும் வீட்டில் எல்லோர் தலையும் காய்ந்து கிடந்தது. அந்தக் கூட்டத்தில் லோகநாதனை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அவன்தான் அடிக்கொருதரம் உச்சியில் கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தாறில் கேப்டனுக்குக் கண் மங்கியது. விமானத்தை விற்றார். கொட்டகைத் தகரத்தைப் பிரித்தபோது அந்த அலமாரியை மட்டும் லோகநாதன் கேட்டு வாங்கிக்கொண்டான். இன்றைக்கு அதில் பேத்தியின் பள்ளிக்கூடப் புத்தகம் இருக்கிறது. பிறகு கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் சிலிண்டர் கிடங்கைப் பார்த்துக்கொண்டான். ஒருகாலத்தில் மேலிருந்து படம் எடுத்த சவுக்குத் தோப்பு இருந்த இடம்தான். ஓய்வு பெறும்வரைக்கும் அங்கே அவனுக்குப் பட்டப்பெயர், 'பேப்பர்காரர்'.

போன மாதம் மணவாள நகரில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனேன். சம்பூர்ணம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியிலேயே நின்று இரண்டு தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "வா மச்சான். ஜீப்பு எங்க?" என்றான். ஐம்பது வருஷமாக அதே கேள்வி. கையை நீட்டினேன். உடனே பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி எடுத்தான். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பெரிய பொட்டு, அதன் வழியாகத் தெரு தெரிந்தது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். வைத்துவிட்டு, என் எண்ணெய்க் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.